சின்சினாட்டியில் நான் பிணமாகக் கிடந்தேன்

இந்தக் கதையை நான் நம்பவில்லை, ஐயா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக நம்பாமலே சுமந்துகொண்டு திரிகிறேன். யாராவது கேட்டால் நம்புகிறவனைப்போலத்தான் சொல்வேன். சொல்லி முடித்ததும் எனக்குள்ளே ஒருவன் "அப்படியா?" என்பான். வெளியே இருக்கிறவனாக இருந்தால் அறைந்துவிடலாம். உள்ளே இருக்கிறவனை என்ன செய்வது?

நீங்கள் கேட்டது வேறு. புதுச்சேரி ஸ்டேஷனில் போர்ட்டரோடு ஏன் அவ்வளவு சண்டை என்றுதானே கேட்டீர்கள்? அவன் பாவம், அவன்மேல் ஒன்றுமில்லை. கையில் அகப்பட்டான், அவ்வளவுதான். என் கோபம் அமெரிக்காவில் ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். இந்த வண்டி விழுப்புரம் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிடுவேன்.

என் பெயர் சஞ்சீவி. பட்டணத்தில் மூங்கில் மண்டி வைத்திருக்கிறேன். பந்தல்காரர்கள் வாங்குவார்கள், பாடை கட்டுகிறவர்கள் வாங்குவார்கள். ஒரு காலத்தில் நான் மூங்கில் விற்கவில்லை, தாங்கினேன். கழைக்கூத்து பார்த்திருப்பீர்கள். இடுப்புக் கச்சையில் மூங்கிலை ஊன்றிக்கொண்டு கீழே நிற்பவன் நான். மேலே ஏறுகிறவள் என் பெண்சாதி வேம்பு. உச்சியில் ஒரு சின்ன வட்டக் கட்டை இருக்கும். அதில் வயிற்றை வைத்துப் படுத்து, கையையும் காலையும் விரித்துப் பம்பரமாகச் சுழல்வாள். எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். கீழே நிற்கிறவனை எவன் பார்க்கிறான்? பார்க்க வேண்டாம். ஆனால் அவன் இல்லாவிட்டால் அவள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன்னால் ஏறுகிறவள் கீழே நிற்பவனின் தோளைத் தொட்டு "வரேன்" என்பாள். அவன் "வா" என்பான். போகும்போது "போறேன்" என்று சொல்லக்கூடாது என்பது உங்கள் வீட்டிலும் இருக்கும். எங்களுக்கு அது உயிர்ச் சமாச்சாரம். ஏறினவள் இறங்கி வரவேண்டும் அல்லவா? "வா" என்பது காதில் விழாமல் கால் மூங்கிலில் படாது. ஒருமுறை மன்னார்குடித் தேரடியில் மேளக்காரர்கள் பக்கத்திலேயே வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன "வா" அவளுக்குக் கேட்கவில்லை. நின்றாள். கூட்டம் கூச்சல் போடுகிறது, அசையவில்லை. கடைசியில் அடித்தொண்டையிலிருந்து "வாடீ!" என்று கத்தினேன். அப்புறம்தான் ஏறினாள். அப்படிப்பட்ட பிடிவாதக்காரி.

நல்ல வித்தைக்காரி என்பதையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் ஒரு தரம் ஆட்டம் முடிந்து இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலைந்து மாசக் கரு, தங்கவில்லை. மருத்துவச்சி என்னைப் பார்த்து ஏதேதோ பேசினாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த சந்தைக்கு வேம்பு எழுந்து ஏறிவிட்டாள்! வேறு எவளாவது ஏறுவாளா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்காரன் வந்து அமெரிக்க சர்க்கஸுக்கு ஆள் சேர்த்தான். பாம்புக்காரர் ஒருவர், இரும்புக் குண்டுகளை மேலே வீசிப் பிடிக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், நான், வேம்பு, எங்களுக்குத் துபாஷியாக எஸ்தாக்கி. புதுச்சேரிக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், இங்கிலீஷ் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்கள் வாயும் காதும் அவர்தான். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனிற்காலம் முழுக்கக் கூடாரத்தில் ஆட்டம். ரயிலில் ஊர் ஊராகப் போனோம். வேம்பு உச்சியில் சுழலுவதைக் கலர் படமாகப் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். படத்தில் மூங்கில் பாதியோடு முடிந்துவிடும். கீழே நான் இல்லை. எஸ்தாக்கியிடம் கேட்டேன். "காகிதம் பத்தலையாம்பா" என்றார்.

குளிர் வந்ததும் கூடாரத்தைச் சுருட்டிவிட்டார்கள். எங்களைச் சின்சினாட்டி என்ற ஊரில் ஒரு நாடகக் கொட்டகைக்காரனிடம் அனுப்பினார்கள். அந்த ஊரைப் பற்றி என்ன சொல்ல! பெரிய ஆறு, புகை விடுகிற படகுகள், எந்தத் தெருவில் நின்றாலும் பன்றி. ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வந்து வெட்டுவார்கள். வெட்டுகிறவர்களே சாயங்காலம் கை கழுவிக்கொண்டு கொட்டகைக்கு வருவார்கள். மாடியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டியைப் பாட்டிலில் வைத்திருப்பார்கள், தாடி முளைத்த பொம்பளை ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அதையெல்லாம் பார்த்துவிட்டுக் கீழே வந்தால் நாடகம்.

முதலாளி ஜெர்மன்காரன். கெஸ்லர் என்று பெயர். எங்கள் வாயில் அது கிச்சிலி ஆகிவிட்டது. ஆளும் கிச்சிலிப் பழம் மாதிரி உருண்டையாகச் சிவந்துதான் இருப்பான். கிச்சிலி துரை எங்களைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தலையை ஆட்டினான். மேடைக்கு மேலே தாழ்வாகத் துணிக்கூரை. மூங்கில் நிற்காது. எஸ்தாக்கி என்னிடம் வந்தார்.

"சஞ்சீவி, உனக்கு ஒரு வேஷம் குடுத்திருக்கார். ரொம்ப முக்கியமான வேஷம்."

"என்ன வேஷம்?"

"நாடகமே உன்னாலதாம்பா ஆரம்பிக்குது."

"அதான், என்ன வேஷம்?"

"பிணம்."

அவர்கள் எழுதிய நாடகம் அது. இந்து தேசத்தில் ஒரு ராஜா செத்துப்போகிறான். அவன் பெண்சாதியை உடன்கட்டை ஏற்றப்போகிறார்கள். அமெரிக்க மாலுமி ஒருவன் கப்பலிலிருந்து குதித்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். எங்கள் சாதியில் உடன்கட்டையாவது ஒன்றாவது! புருஷன் செத்தால் அடுத்த திருவிழாவுக்குள் வேறு துணை தேடிக்கொள்வார்கள். மூங்கில் காத்திருக்குமா? அதைச் சொல்லச் சொன்னேன். எஸ்தாக்கி சொன்னாரோ இல்லையோ, கிச்சிலி துரை என் தோளில் தட்டி ஒரு சுருட்டு கொடுத்தான்.

மத்தியானம் ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம். இரண்டிலும் நான் செத்துக் கிடந்தேன். யோசித்துப் பாருங்கள். மூங்கில் நுனியில் ஒரு மனுஷியை நிறுத்தி, காற்றடித்தாலும் அவள் பல் குச்சி அளவுகூட நகராமல் தாங்குகிற வயிறு இது. அதன்மேல் காகிதப் பூவைக் கொட்டி மல்லாக்கப் படுக்கப்போட்டார்கள். மூச்சு விட்டால் பூ அசைகிறதாம். மூச்சு விடாதே என்றான் கிச்சிலி துரை.

வேம்புக்கு வேலை என்மேல் விழுந்து அழுவது. வசனம் கிடையாது. "உன் பாஷையில எதையாவது சொல்லு, இங்கே எவனுக்குப் புரியப்போவுது" என்று எஸ்தாக்கி சொல்லிவிட்டார். அவள் தலையை விரித்துப்போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி ராகத்திலேயே பேசுவாள்.

"மாமா, உன் மூக்கு மேல ஈ உக்காந்திருக்கு, அசையாதே! ஐயோ, அந்தக் குண்டு வீசுற பய உன் மேல்துண்டை எடுத்துக் கட்டிக்கிட்டு நிக்கிறான்! ஐயோ, ராத்திரிக்குப் பருப்பு இல்லையே என் ராசாவே!"

பன்றி வெட்டுகிறவர்கள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குச் சிரிப்பு முட்டும். அதுவும் கோபம்தான். என்னைப் பிணமாக்கிவிட்டுச் சிரிக்கவும் வைக்கிறாளே என்று.

மாலுமி வரும்போது பீரங்கி வெடிக்கும். மேடைக்குப் பின்னால் இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, என் தலைக்கு நேராக வெடிப்பார்கள். முதல் நாள் பிணம் துள்ளி எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிச்சிலி துரை என்னை நோக்கிக் கத்திய கத்தலுக்குத் துபாஷி வேண்டியிருக்கவில்லை. துணி தைக்கிற பிரீடா என்ற ஜெர்மன்காரி மெத்தையைப் பிரித்துப் பஞ்சு கொடுத்தாள். அன்றிலிருந்து காதில் பஞ்சு. அதுவும் நல்லதாயிற்று. பீரங்கியும் கேட்காது, வேம்புவின் ஒப்பாரியும் கேட்காது.

தங்கியிருந்த அறைக்குப் போனாலும் பஞ்சை எடுக்க மாட்டேன். குளிர் ஊர் ஐயா, காது வழியாகத்தான் குளிர் ஏறும். தவிர, வேம்பு பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். நாள் பூராவும் செத்துக் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு என்ன பேச்சு? அவள் வாய் அசையும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குக் கிச்சிலி துரையிடம் என்னென்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தப் பிரீடா ஒரு பீப்பாயில் முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் புளிக்க வைத்திருப்பாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். வேம்பு அதைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றாள். காலையில் வாந்தி எடுப்பாள், எடுத்துவிட்டு மறுபடி அதையே தின்பாள். "அந்தக் கண்றாவியைத் தின்னா வாந்தி வராம வேறென்ன வரும்?" என்று திட்டினேன். பிரீடாவும் அவளும் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். இவளுக்கு ஜெர்மன் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. என்னதான் பேசினார்களோ! ஒரு தரம் பார்க்கிறேன், அந்தக் குண்டம்மா இவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சாப்பாட்டுராமி என்று கேலி செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேடையில் வெறுமனே அழுதுவிட்டுச் சும்மா உட்கார்ந்து தின்றால் வயிறு வைக்காமல் என்ன செய்யும்?

நான் சும்மா இருக்கவில்லை. சண்டை போட்டேன். தினமும் போட்டேன். "துணிக்கூரையை அவுத்து எறி, மேலே உத்தரம் வரைக்கும் இடம் இருக்கு, மூங்கிலை நிறுத்திக் காட்டறேன்" என்று எஸ்தாக்கியை இழுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தேன். நீங்கள் என்னைப்பற்றி என்ன நினைத்தாலும் சரி, நான் எனக்காகச் சண்டை போடவில்லை. அவளுடைய வித்தைக்காகப் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை கிச்சிலி துரை சரி என்றுவிட்டான். திங்கட்கிழமையிலிருந்து நாடகத்தின் நடுவே கழைக்கூத்து. ஜெயித்துவிட்டேன்! ஓடிப்போய் வேம்புவிடம் சொன்னேன்.

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இல்லை ஐயா.

"வயித்தை வெச்சுச் சுத்த வேணாம் மாமா," என்றாள்.

அதற்காகப் பஞ்சைக்கூட எடுத்துவிட்டுக் கேட்டேன். "என்னடி?"

"இந்தக் குளிர்காலம் போவட்டும். ஊருக்குப் போயிடலாம். எனக்கு இப்ப வயித்தை வெச்சுச் சுத்த முடியாது."

"வயித்தை வெச்சுச் சுத்தாம? பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கவா சமுத்திரம் தாண்டி வந்தோம்? நல்லாத் தின்னு கொழுத்துட்டு இப்ப முடியாதாம்!"

அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் பஞ்சை வைத்துக்கொண்டேன். சொல்லுங்கள், கோபம் வருமா வராதா? ஒருத்தன் தலையால் தண்ணீர் குடித்து ஒரு காரியத்தைச் சாதித்துக்கொண்டு வருகிறான், அவன் பெண்சாதி வேண்டாம் என்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியான ஆட்டம். நான் வழக்கம்போலச் செத்துக் கிடந்தேன். அவள் வழக்கம்போல என்மேல் விழுந்தாள். பீரங்கி வெடித்தது வயிற்றில் தெரிந்தது. மாலுமி வேஷக்காரன் டெம்சி, செம்பட்டை மீசைக்காரன், "கம்!" என்று கையை நீட்டுவான். அந்த ஒரு சொல் எனக்கும் தெரியும். அவளைத் தூக்கிக்கொண்டு போனான். திரை விழுந்தது. நான் எழுந்து பூவைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

சாயங்கால ஆட்டத்துக்கு வேம்பு இல்லை.

எங்கே தேடியும் இல்லை. ஜனங்கள் உள்ளே காலை உதைத்துக் கூச்சல் போடுகிறார்கள். கிச்சிலி துரை என்ன செய்தான் தெரியுமா? எஸ்தாக்கிக்குச் சேலை கட்டு என்றான். இவரும் இந்து தேசத்து ஆள்தானே, போதும் என்றான். கட்டிவிட அந்தத் தையல்காரியும் வரவில்லை, வேண்டிய நேரத்தில் எவள் இருக்கிறாள்? பிணமாகிய நானே ராணிக்குச் சேலை கட்டிவிட்டேன். எஸ்தாக்கி மீசையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு என்மேல் விழுந்து "சேசுவே, சேசுவே" என்று அழுதார். டெம்சி அவரைத் தூக்க முடியாமல் இரண்டு பேரும் உருண்டார்கள். கொட்டகை இடிந்துபோகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பஞ்சையும் மீறிக் கேட்டது ஐயா.

ஆட்டம் முடிந்ததும் எஸ்தாக்கி சேலையை அவிழ்க்காமலே என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். "சஞ்சீவி, மனசைத் தேத்திக்க. மத்தியானம் நான் படுதா ஓரமா நின்னுக்கிட்டிருந்தேன். டெம்சி 'கம்'னு கையை நீட்டினான். உன் பெண்சாதி 'வரேன்'னா. தமிழ்ல, தெளிவா. என் காதால கேட்டேன். அவனோட போயிட்டா."

இதுதான் கதை. இதைத்தான் இருபது வருஷமாகச் சுமக்கிறேன்.

ஓடிப்போய் டெம்சியின் கழுத்தைப் பிடித்தேன். அவன் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ சொன்னான். எஸ்தாக்கி, "தெரியாதுங்கிறான், பொய்" என்றார். வேம்பு அவனோடு போய்விட்டாள் என்றால் அவன் ஏன் இங்கே நின்று எஸ்தாக்கியைத் தூக்கிக்கொண்டிருக்கிறான்? இது எனக்கு அப்போதே தோன்றியது. "எங்கேயாவது ரூம்ல வெச்சிருப்பான்" என்றார் எஸ்தாக்கி. பத்து நாளைக்கெல்லாம் டெம்சி வேறு கம்பெனியோடு ஊரைவிட்டுப் போனான். "பாத்தியா?" என்றார். பார்த்தேன். ரயிலில் தனியாகத்தான் ஏறினான். "முன்னாடியே அனுப்பியிருப்பான்" என்றார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. கோபப்பட ஒரு மீசை வேண்டாமா?

குளிர்காலம் முடிகிற வரைக்கும் பிணமாகக் கிடந்துவிட்டு ஊர் திரும்பினேன். கிழிந்த துணியைத் தைக்கக்கூட அப்புறம் ஆள் கிடையாது. அந்தப் பிரீடாவும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டாளாம். அந்த ஊர்ப் பெண்களுக்கே நிலை கிடையாது. ஊருக்கு வந்து வேறொருத்தியை ஏற்றிப் பார்த்தேன். நல்ல பெண்தான். தோளைத் தொட்டு "வரேன்" என்றாள். "வா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் நிற்கிறாள், கூட்டம் பார்க்கிறது, என் வாய் திறக்கவில்லை. மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு வந்தவன்தான். அப்புறம் மண்டி.

எஸ்தாக்கி படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். இன்றைக்குக் காலையில் போனேன். உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. நலம்கூட விசாரிக்கவில்லை.

"யாரைப் பாத்து 'வரேன்'னு சொன்னா?" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. அந்த மனுஷனும் அதை மறக்கவில்லை. "டெம்சிதான் 'கம்'னானே. அதுக்குப் பதில்தானே?"

"பதில் கெடக்கட்டும். மூஞ்சி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மூஞ்சியா?" கண்ணை மூடிக்கொண்டார். "மூஞ்சி உன் பக்கம்தாம்பா. உன்மேல குனிஞ்சிருந்தா. உன் தோள்மேல கை வெச்சிருந்தா."

நான் கத்தினேன் ஐயா. படுக்கையில் கிடக்கிற கிழவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "தோளைத் தொட்டான்னு அன்னிக்கே ஏன் சொல்லலே? பாவி! ஏன் சொல்லலே?" மருமகள்காரி கரண்டியோடு ஓடிவந்தாள். "பெரியவரே, எங்க மாமனாரைக் கொல்லவா வந்தீங்க? வெளியே போங்க!" என்றாள்.

எஸ்தாக்கி அவளைக் கையமர்த்தினார். மெதுவாகச் சொன்னார்: "நீ எங்கேப்பா கேட்டே? டெம்சி கழுத்தைப் பிடிக்கத்தானே ஓடினே? தொட்டா என்ன தொடாட்டி என்ன, எனக்கு உங்க கூத்தாடி வழக்கமெல்லாம் தெரியுமா?"

அவருக்குத் தெரியாதுதான். தெரிந்தவன் ஒருவன் அந்த மேடையில் இருந்தான். அவன் காதில் பஞ்சு.

மருமகள் கதவைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி அப்போதுதான் தோன்றிற்று. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன்.

"துபாஷி ஐயா, 'வரேன்'னு சொல்லிட்டு உடனே எழுந்து போயிட்டாளா, இல்லே, கொஞ்ச நேரம் நின்னாளா?"